இருட்டில் குட்டையாக்கும் எத்திலின் வெளிச்சத்தில் நீட்டுவது எப்படி? நாற்றில் ஹார்மோன்களின் ஊடாட்டம்

இருட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தாவர உடலியங்கியல் படிக்கும் முதுநிலை மாணவன். சிறிய சோதனை ஒன்றின் முடிவு என்னைக் குழப்பிவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

செடியின் உடலில் எத்திலின் என்ற வாயு ஹார்மோனாக மாறும் ஏசிசி என்ற அமினோ அமிலத்தைக் கலந்த அகாரிலும், கலக்காத அகாரிலும் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் விதைகளை முளைக்க வைத்தேன். இரண்டுமே ஊட்டச்சத்து குறைவான ஊடகங்கள். தட்டுகளில் பாதியை முழு இருட்டிலும் மறுபாதியைத் தொடர்ச்சியான வெள்ளை ஒளியிலும் வளர்த்தேன். இருட்டில் ஏசிசி பெற்ற நாற்றுகள் குட்டையாகவும் தடித்தும், உச்சியில் கொக்கிபோல் நன்றாக வளைந்தும் இருந்தன. பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வெளிச்சத்தில் வளர்ந்தவற்றில், ஏசிசி பெற்ற நாற்றுகளின் வித்திலைக்கீழ்த்தண்டு, பெறாதவற்றைவிட நீளமாக இருந்தது. தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று எண்ணி மறுபடியும் செய்தேன். முடிவு மாறவில்லை.

நான் படித்த நூல்களில் ஆக்சினுக்குச் செல் நீட்சி, ஜிப்ரலினுக்குத் தண்டு நீட்சி, சைட்டோகைனினுக்குச் செல் பகுப்பு, அப்சிசிக் அமிலத்துக்கு விதை உறக்கம், எத்திலினுக்கு வளர்ச்சித் தடையும் கனி பழுத்தலும் என்று ஒவ்வொரு ஹார்மோனுக்கும் ஒரு வேலை எழுதப்பட்டிருக்கிறது. என் தட்டுகளில் கண்டதை அந்த அட்டவணைக்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரே பொருள் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்வது எப்படி?

முளைக்குருத்து எழுதியது:

உங்கள் தட்டுகள் மாறவில்லை, நண்பரே. ஊட்டம் குறைந்த ஊடகத்தில் ஒளியில் வளரும் அராபிடாப்சிஸின் வித்திலைக்கீழ்த்தண்டை எத்திலின் நீட்டும் என்பது 1997ஆம் ஆண்டிலேயே வெளியான செய்தி. பாடநூல் அட்டவணைகள் இருட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன.

முதலில் இருட்டைப் பார்ப்போம். 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகத்தின் இருட்டில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் குட்டையாகித் தடித்துப் பக்கவாட்டில் படுத்து வளர்வதையும், வெளிக்காற்றில் வைத்தவை நேராக நிற்பதையும் கண்டு, விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலினே காரணம் என்று நிறுவினார். இன்று நாம் மும்மை எதிர்வினை என்று அழைப்பது அதைத்தான். மண்ணுக்குள் முட்டி மேலேறும் நாற்றின் நிலையிலிருந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். மேலே மண் அழுத்தும்போது நாற்றில் எத்திலின் பெருகுகிறது. தண்டு நீட்சியைக் குறைத்துத் தடிக்கிறது. கொக்கி இறுகி, மென்மையான நுனியைக் கீழ்நோக்கி மறைத்துக்கொள்கிறது. எத்திலினை உணராத திடீர்மாற்றச் செடிகள் மண்ணை முட்டி வெளிவருவதில் பின்தங்குகின்றன. ஆகவே அந்தக் குட்டைத்தன்மையை நான் தடை என்று சொல்ல மாட்டேன். அது நாற்று முட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நிலை.

இனி உங்கள் கேள்வி. எத்திலினின் செய்தி செல்லின் உட்கருவை அடைந்ததும் ஈஐஎன்3 என்ற படியெடுத்தல் காரணி, அதாவது மரபணுக்களை இயக்கும் புரதம், நிலைபெறுகிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு மரபணுக்களைத் தூண்டுகிறது: நீட்சியை அடக்கும் இஆர்எஃப்1, நீட்சியை வளர்க்கும் பிஃப்3. இந்த இரண்டு புரதங்களையும் ஒளி எதிரெதிராக நடத்துகிறது. ஒளியில் பிஃப்3 சிதைந்துகொண்டே இருக்கிறது, இஆர்எஃப்1 நிலைத்து நிற்கிறது. இருட்டில் பிஃப்3 ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, இஆர்எஃப்1தான் சிதைகிறது. ஆகவே இருட்டில் எத்திலின் மேலும் பிஃப்3ஐ உண்டாக்கினாலும் அதனால் பெரிய வேறுபாடு வராது. பற்றாக்குறையாக இருக்கும் இஆர்எஃப்1 கூடுவதே கண்ணுக்குத் தெரியும், தண்டு குறுகும். ஒளியில் பற்றாக்குறையாக இருப்பது பிஃப்3 என்பதால், அது கூடுவதே கண்ணுக்குத் தெரியும், தண்டு நீளும். இரண்டு இடத்திலும் எத்திலின் சொல்வது ஒன்றுதான். எந்தப் புரதத்துக்கு அங்கே தட்டுப்பாடு என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

இந்த விளக்கம் 2012இல் வெளியானபோது நான் ஆய்வு மாணவனாக இருந்தேன். ‘இந்த ஹார்மோன் என்ன செய்யும்?’ என்று கேட்பதை அன்றே விட்டுவிட்டேன். எந்தச் செல்லில், எந்த நாளில், எந்த வெளிச்சத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு விடை உண்டு.

விதையுறை எழுதியது:

முளைக்குருத்து அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நாற்றின் கதை தண்டு நீள்வதில் தொடங்குவதில்லை. விதை உடைவதா வேண்டாமா என்ற முடிவில் தொடங்குகிறது. அதையும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அப்சிசிக் அமிலம் உறங்க வைக்கும், ஜிப்ரலின் எழுப்பும் என்று தராசின் இரண்டு தட்டுகளைப்போல இதை எழுதிவிடுவது வழக்கம். அது பிழையல்ல, ஆனால் மேலோட்டமானது. அராபிடாப்சிஸ் விதை முளைப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு உடைப்புகள் தெரியும். முதலில் இறந்த செல்களாலான விதையுறை பிளக்கிறது. பிறகு அதனுள்ளே உயிருள்ள ஒரே செல்லடுக்காக இருக்கும் கருவூண் திசு கிழிந்து முளைவேர் வெளிவருகிறது. அப்சிசிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால் முதல் பிளவு ஏறக்குறைய வழக்கம்போல நடக்கிறது, இரண்டாவது தாமதமாகிறது. அதாவது இந்த ஹார்மோன் விதை முழுவதையும் ஒரேயடியாகப் பூட்டுவதில்லை. குறிப்பிட்ட ஒரு திசுவின் செல்சுவர் தளர்வதைத் தடுக்கிறது. அந்தத் திசுவைத் தளர்த்துவது ஜிப்ரலின். அப்சிசிக் அமிலத்தின் தடையை அதே இடத்தில் எதிர்த்து நிற்பது உங்கள் எத்திலின். பழுக்க வைப்பதற்கென்று அட்டவணை ஒதுக்கிய எத்திலின் இங்கே முளைப்புக்குத் துணை செய்கிறது.

ஒளி இந்தத் தராசை எப்படிச் சாய்க்கிறது என்பதும் அழகான செய்தி. 1952இல் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும், கிராண்ட் ராபிட்ஸ் என்ற லெட்டூஸ் வகையின் விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும் தொலைசிவப்பு ஒளியையும் மாறி மாறிக் கொடுத்தனர். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகக் கிடைத்த ஒளியே முளைப்பைத் தீர்மானித்தது. சிவப்பில் முடிந்தால் முளைத்தன, தொலைசிவப்பில் முடிந்தால் பெரும்பாலானவை உறங்கின. ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியின் இந்தச் சாவிக்கும் ஹார்மோன்களுக்கும் நடுவே நிற்பது, பிஃப்3இன் குடும்பத்தைச் சேர்ந்த பிஃப்1. இருட்டில் அது ஜிப்ரலின் ஆக்கத்தைக் குறைக்கிறது, அப்சிசிக் அமில அளவை உயர்த்துகிறது, ஜிப்ரலினுக்கு முட்டுக்கட்டையாகும் டெல்லா புரதங்களின் மரபணுக்களையும் நேரடியாகத் தூண்டுகிறது. சிவப்பு ஒளி பட்டதும் பிஃப்1 சிதைகிறது, மூன்றும் ஒன்றாகத் திரும்புகின்றன.

முளைவேர் வெளிவந்த பிறகும் அப்சிசிக் அமிலம் உடனே ஒதுங்கிவிடுவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் நீர் குறைந்தால், ஏபிஐ5 என்ற காரணி பெருகி நாற்றை அப்படியே நிறுத்திவைக்கிறது. நீர் வந்ததும் அது வளர்ச்சியைத் தொடர்கிறது. அந்தக் காலம் கடந்து, பச்சையம் பிடிக்கத் தொடங்கிய பின் அதே அளவு அப்சிசிக் அமிலம் கொடுத்தாலும் அப்படி நிற்பதில்லை. முளைத்த நாற்றால் மறுபடி விதையாக முடியாது. திரும்ப முடியாத அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இப்படி ஒரு காவல் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது.

இருட்டறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பிஃப், டெல்லா என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிஃப் ஒளிக்குரியது, டெல்லா ஜிப்ரலினுக்குரியது என்று பிரித்துப் படித்திருக்கிறேன். இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

நெடுந்தண்டு எழுதியது:

அவை நேருக்கு நேர் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிப்ரலினின் கதை 1926இல் தொடங்குகிறது. நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக்கிச் சாய்த்துவிடும் பகானே நோயை ஆராய்ந்த குரோசாவா, அந்த நோயின் பூஞ்சை வளர்ந்த நீர்மத்தை மட்டும் தெளித்தாலே நாற்றுகள் நெடுக்கின்றன என்று காட்டினார். யாபுதா 1935இல் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். செடி தானே இதைச் செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. மெண்டல் எடுத்துக்கொண்ட நெட்டை, குட்டைப் பட்டாணிகளுக்கு இடையேயான வேறுபாடுகூட, செயலற்ற ஜிப்ரலினைச் செயலுள்ளதாக மாற்றும் ஒரு நொதியின் மரபணுவில் இருக்கிறது. 1997இல்தான் அது அடையாளம் காணப்பட்டது.

ஆனால் ஜிப்ரலின் எதையும் நேரடியாக ‘வளர்’ என்று தூண்டுவதில்லை. 2005இல் நெல்லில் கண்டறியப்பட்ட ஜிஐடி1 என்ற உணர்வேற்பியுடன் அது இணைந்ததும், அந்த இணை டெல்லா புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட டெல்லா அடையாளமிடப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. ஆகவே ஜிப்ரலினின் வேலை ஒரு தடையை அகற்றுவது. டெல்லா எதைத் தடுத்துக்கொண்டிருந்தது? 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைத் தந்தன: பிஃப்3, பிஃப்4 ஆகியவை டிஎன்ஏவைப் பற்றும் பகுதியையே டெல்லா பிடித்துக்கொண்டு அவற்றை மரபணுவில் அமரவிடாமல் செய்கிறது. நீங்கள் கேட்ட சந்திப்பு அதுதான். ஒளி பிஃப்களைச் சிதைக்கிறது. எஞ்சியவற்றை டெல்லா பிடித்துவைக்கிறது. ஜிப்ரலின் டெல்லாவை அகற்றி அவற்றை விடுவிக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோன் இல்லாத திடீர்மாற்றச் செடிகள் இருட்டிலும் குட்டையாகவே வளர்ந்து, வெளிச்சத்தைக் கண்டவைபோல வித்திலைகளை விரித்துக்கொள்வதை 1996இல் கண்டறிந்தார்கள். நீள்வதற்கு இருட்டு மட்டும் போதாது, இந்த ஸ்டீராய்டும் வேண்டும் என்பது அப்போதே தெரிந்தது. ஏன் என்பது 2012இல் விளங்கியது. பிராசினோஸ்டீராய்டின் கையாளான பிஇசட்ஆர்1 என்ற காரணியும் பிஃப்4உம் கைகோத்துக்கொண்டு ஒரே மரபணுக்களில் அமர்கின்றன. டெல்லா பிஇசட்ஆர்1ஐயும் பிடித்து நிறுத்தக்கூடியது. 2014இல் ஆக்சினின் காரணியான ஏஆர்எஃப்6உம் இந்தக் கூட்டில் சேர்ந்தது. அதுவும் டெல்லாவின் பிடிக்கு உட்பட்டதுதான். ஆக ஜிப்ரலின், பிராசினோஸ்டீராய்டு, ஆக்சின், ஒளி, வெப்பம் ஆகிய ஐந்து செய்திகள் ஒரு சிறிய புரதக் கூட்டத்தில் ஒன்றுசேர்கின்றன. ஒரு ஹார்மோனை நீக்கினால் மற்றொன்று முழுமையாக ஈடுசெய்ய முடியாமல் போவதற்குக் காரணமும் இதுவே.

வெப்பத்தைச் சேர்த்தது ஏன் என்று கேட்கலாம். 20 டிகிரியில் வளர்வதைவிட 29 டிகிரியில் வளரும் அராபிடாப்சிஸின் வித்திலைக்கீழ்த்தண்டு மிகவும் நீளமாக இருக்கும் என்றும், அதற்கு ஆக்சின் தேவை என்றும் 1998இல் காட்டப்பட்டது. வெப்பத்தில் பிஃப்4 செயலூக்கம் பெற்று, ஆக்சினை உண்டாக்கும் நொதிகளில் ஒன்றான யுக்கா8இன் மரபணுவைத் தூண்டுகிறது. அயல்செடியின் நிழல் விழும்போதும் ஏறக்குறைய இதே வழிதான். அங்கே பிஃப்7 முன்னிற்கிறது. நிழலை உணர்வது வித்திலை, நீள்வது அதன் கீழ்த்தண்டு. இரண்டுக்கும் நடுவே ஆக்சின் பயணம் செய்கிறது. ஹார்மோன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இருட்டறை எழுதியது:

தண்டைப் பொறுத்தவரை தெளிவு பிறக்கிறது. வேரில் மறுபடி குழப்பம். தண்டை நீட்டும் அதே ஆக்சின், தண்டுக்குப் பொருத்தமான அளவில் கொடுத்தால் வேரை நிறுத்திவிடுகிறது. வேர் மிகுந்த உணர்திறன் கொண்டது என்று மட்டும் பாடநூல் சொல்கிறது. அது விளக்கமா, அல்லது கண்டதையே வேறு சொற்களில் சொல்வதா?

முளைவேர் எழுதியது:

நல்ல கேள்வி. கண்டதையே திரும்பச் சொல்வதுதான் அது. உண்மையான விளக்கம் செல்சுவரின் அமிலத்தன்மையில் இருக்கிறது.

தண்டில் ஆக்சின் சாவ்ர் என்ற சிறு புரதங்களைத் தூண்டுகிறது. அவை செல் சவ்விலுள்ள புரோட்டான் பம்புகளை அடக்கிவைக்கும் நொதிகளை முடக்குகின்றன. பம்புகள் வேகம்பெற்றுச் செல்சுவரை அமிலமாக்குகின்றன, சுவர் தளர்கிறது, நீரழுத்தத்தால் செல் நீள்கிறது. வேரிலோ ஆக்சின் பட்ட ஒரு நிமிடத்துக்குள் நீட்சி குறைந்துவிடுகிறது. மரபணு படியெடுத்துப் புரதம் உருவாக அந்த நேரம் போதாது. டிஐஆர்1 குடும்பத்து உணர்வேற்பிகள் படியெடுத்தல் இல்லாத விரைவு வழியொன்றைத் திறந்து, செல்சுவர்ப் பகுதியைக் காரத்தன்மையாக்குகின்றன என்பது அண்மை ஆண்டுகளில் தெளிவாகியுள்ளது. அதே வேரில் டிஎம்கே1 என்ற மற்றோர் உணர்வுப் புரதம் ஆக்சினுக்கு விடையாகப் பம்பை முடுக்கவும் செய்கிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன, வேரில் காரமாக்கும் வழி மேலோங்குகிறது. புவியீர்ப்பை நோக்கி வேர் அவ்வளவு விரைவாகத் திரும்ப முடிவது இதனால்தான்: கீழ்ப்பக்கம் ஆக்சின் கூடுகிறது, அந்தப் பக்கம் உடனே நிற்கிறது, மேல்பக்கம் தொடர்ந்து நீள்கிறது.

இப்போது எத்திலினை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். எத்திலின் வேரைக் குறுக்குகிறது என்பது பழைய செய்தி. 2007இல் வந்த ஆய்வுகள், அது பெரும்பாலும் ஆக்சின் வழியாகவே குறுக்குகிறது என்று காட்டின. வேர்நுனியில் ஆக்சின் ஆக்கத்தை எத்திலின் கூட்டுகிறது. ஆக்ஸ்1, பின்2 ஆகிய கடத்திகள் அந்த ஆக்சினை நீட்சி மண்டலத்துக்குக் கொண்டுசெல்கின்றன, அங்கே நீட்சி நிற்கிறது. இந்தக் கடத்திகளில் ஒன்று பழுதானாலும், எத்திலினை உணரும் புரதங்கள் அனைத்தும் நலமாக இருந்தும், வேர் எத்திலினுக்குப் பணிவதில்லை. எத்திலினுக்குப் பணியாத செடிகளைத் தேடியவர்கள் ஆக்சின் மரபணுக்களைக் கண்டெடுத்தது இப்படித்தான். என் ஆய்வுக் காலத்தில் அத்தகைய ஒரு செடியை எத்திலின் ஏற்பியின் பழுது என்று எண்ணிப் பல மாதங்கள் தவறான இடத்தில் தேடினேன். புவியீர்ப்பை நோக்கி அது திரும்பவில்லை என்பதை முதல் வாரமே தட்டைச் சாய்த்துப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன்.

சைட்டோகைனினையும் சொல்ல வேண்டும். 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் ஆக்சின் மிகுந்தால் வேரும் சைட்டோகைனின் மிகுந்தால் தண்டும் உருவாவதைக் காட்டினார்கள். நாற்றின் வேரில் இந்தப் போட்டி ஓர் எல்லைக்கோட்டின் மேல் நடக்கிறது. நுனியின் ஆக்குத்திசுவில் செல்கள் பகுப்படைகின்றன, சற்று மேலே பகுப்பை விட்டு வேறுபாடடைகின்றன. அந்த எல்லையில் சைட்டோகைனின், ஏஆர்ஆர்1 என்ற தன் காரணி வழியாக எஸ்எச்ஒய்2 என்ற புரதத்தைக் கூட்டுகிறது. அது ஆக்சின் கடத்திகளைக் குறைத்து வேறுபாட்டை முன்னேற்றுகிறது. ஆக்சினோ அதே எஸ்எச்ஒய்2ஐச் சிதைக்கிறது. ஒரே புரதத்தை ஒன்று ஆக்க, மற்றொன்று அழிக்க, கோடு ஓரிடத்தில் நிலைகொள்கிறது.

ஆனால் முளைத்த முதல் நாள்களில் அந்தக் கோடு நிலைகொள்ளக் கூடாது. ஆக்குத்திசு பெரிதாக வேண்டும். அப்போது ஜிப்ரலின் மிகுதியாக இருப்பதால் டெல்லா குறைவாகவும், டெல்லா குறைவாக இருப்பதால் ஏஆர்ஆர்1 குறைவாகவும் இருக்கின்றன. சைட்டோகைனினின் குரல் அடங்கியிருக்க, பகுப்பு முந்துகிறது. பின்னர் டெல்லா கூடி ஏஆர்ஆர்1 உயர்கிறது, ஐந்தாம் நாளளவில் ஆக்குத்திசு தன் முழு அளவை எட்டி நிற்கிறது. வேரின் அளவை முடிவு செய்வது எந்தத் தனி ஹார்மோனும் அல்ல, அவை மாறும் கால ஒழுங்கு.

விதையுறை எழுதியது:

ஒரு மறுப்பு. முளைக்குருத்து அவர்கள், மண் அழுத்தத்தைத் தாண்ட எத்திலின் நாற்றுக்கு உதவுகிறது என்று எழுதினார். ஆனால் 2021இல் வெளியான ஆய்வில், எத்திலினை உணராத நெல், அராபிடாப்சிஸ் வேர்கள்தாம் இறுகிய மண்ணுக்குள் எளிதாக இறங்கின. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

முளைக்குருத்து எழுதியது:

சுட்டிக்காட்டியது சரி. நான் தண்டை மட்டும் மனத்தில் வைத்து ‘நாற்று’ என்று பொதுவாக எழுதிவிட்டேன். அது என் பிழை.

வேரைப் பொறுத்தவரை அந்த ஆய்வு சொல்வது, எத்திலின் ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது என்பதே. தளர்ந்த மண்ணில் வேர் வெளியிடும் வாயு துளைகள் வழியே கலைந்துபோகிறது. இறுகிய மண்ணில் துளைகள் அடைபட்டு, வாயு வேரைச் சுற்றியே தேங்குகிறது. தேங்கிய எத்திலின் வேரின் நீட்சியை நிறுத்தித் தடிக்க வைக்கிறது. இறுகிய மண்ணால் வேர் இறங்க முடியாமல் போகிறது என்று நாம் நினைத்திருந்த இடத்தில், வேர் தானே நின்றுவிடுகிறது என்பது அதன் சாரம். எத்திலினை உணராத வேருக்கு அந்தச் செய்தி கிடைப்பதில்லை. அதனால் தொடர்ந்து இறங்குகிறது. நெல் வேரில் இதை மேலும் பிரித்துப் பார்த்தபோது, எத்திலினுக்குப் பின்னால் ஆக்சின் நீட்சியைக் குறைப்பதும், அப்சிசிக் அமிலம் புறணிச் செல்களைப் பக்கவாட்டில் பருக்க வைப்பதும் தெரியவந்தன.

தண்டின் நிலை வேறு. அதற்கு மேலேயுள்ள தடை தாண்டியே ஆக வேண்டியது. தாண்டும்போது நுனி கிழியக் கூடாது, தாண்டியதும் திடீர் ஒளியில் கருகவும் கூடாது. இந்தக் கடைசிக் கடமையிலும் எத்திலினுக்குப் பங்கு உண்டு. இருட்டில் ஈஐஎன்3 பச்சைய முன்னோடி அளவுக்கு மீறிச் சேராமல் காத்து, அதைப் பச்சையமாக்கும் நொதியையும் தயாராக வைக்கிறது. ஈஐஎன்3உம் அதன் உடன்பிறப்பும் இல்லாத நாற்றுகள் வெளிச்சத்துக்கு வந்ததும் வெளுத்து மடிகின்றன.

கொக்கியைப் பற்றியும் இரண்டு வரி. கொக்கியின் உட்புறத்தில் ஆக்சின் சேர்ந்து அப்பக்கத்தின் நீட்சியை அடக்குவதாலேயே வளைவு உண்டாகிறது. தண்டுதான் என்றாலும் அங்கே ஆக்சின் தடையாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எத்திலினும் ஜிப்ரலினும் ஹுக்லெஸ்1 என்ற மரபணு வழியாக இந்தப் பக்கச் சாய்வை வலுப்படுத்துகின்றன. ஜாஸ்மோனிக் அமிலமோ ஈஐஎன்3ஐத் தடுத்துக் கொக்கியை அவிழ்க்கிறது. ஜிப்ரலின் இங்கே எத்திலினுக்குத் தோழன். இருட்டில் தண்டு நீட்சியில் இருவரும் எதிரிகள்.

நெடுந்தண்டு எழுதியது:

ஒரே எத்திலினுக்கு இரண்டு நெல் வகைகள் தரும் எதிரெதிர் விடைகளும் இங்கே பொருத்தமானவை. நீரில் மூழ்கிய செடிக்குள் எத்திலின் வெளியேற வழியின்றித் தேங்கும். ஆழ்நீர் நெல்லில் ஸ்நார்க்கல் மரபணுக்கள் அதைக் கேட்டு, ஜிப்ரலின் வழியாகத் தண்டை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டுகின்றன. சப்1ஏ மரபணு உள்ள நெல்லில் அதே எத்திலின் டெல்லா வகைத் தடைகளைக் கூட்டி, ஜிப்ரலினுக்குச் செவிசாய்க்காதபடி செய்கிறது. செடி நீளாமல் சேமிப்பைக் காத்துக்கொண்டு வெள்ளம் வடியக் காத்திருக்கிறது.

குட்டைக் கோதுமையையும் சொல்லிவிடுகிறேன். ஜிப்ரலின் வந்தாலும் சிதையாத டெல்லாவைக் கொண்ட அந்த வகைகள் சாயாமல் நிற்கின்றன. ஆனால் அதே டெல்லா முளைக்குருத்து உறையையும் குறுக்கிவிடுவதால், ஆழமாக விதைத்தால் நாற்று வெளிவரத் திணறுகிறது. முதிர்ந்த செடியில் விரும்பிய பண்பு நாற்றில் இடையூறாகிவிட்டது. முளைக்குருத்து உறையைக் குறுக்காத வேறு குட்டை மரபணுக்களை இனவிருத்தியாளர்கள் தேடுவது இதனால்தான்.

இருட்டறை எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. அடுத்த சோதனையை இப்படி அமைக்கலாம் என்று எண்ணுகிறேன். ஏசிசி உள்ள தட்டு, ஏசிசியுடன் ஜிப்ரலின் ஆக்கத்தைத் தடுக்கும் பேக்ளோபியூட்ரசால் கலந்த தட்டு, ஏசிசியுடன் எத்திலின் உணர்வைத் தடுக்கும் வெள்ளி நைட்ரேட் கலந்த தட்டு, எதுவும் இல்லாத தட்டு. இந்த நான்கையும் இருட்டிலும் ஒளியிலும் வைப்பேன். நாள்தோறும் பச்சை விளக்கில் எடுத்துத் தண்டை அளப்பேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

முளைவேர் எழுதியது:

அமைப்பு நன்று, சில திருத்தங்கள். பேக்ளோபியூட்ரசால் மட்டும் தனியாக உள்ள தட்டும், வெள்ளி மட்டும் தனியாக உள்ள தட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அவை தாமே செய்வதையும் ஏசிசியுடன் சேர்ந்து செய்வதையும் பிரிக்க முடியாது. வெள்ளி அயனி எத்திலினுக்குத் தொடர்பின்றியே ஆக்சின் வெளியேற்றத்தை மாற்றக்கூடியது. ஏசிசியும் எத்திலினாக மாறாமலே சில விளைவுகளை உண்டாக்கும். எனவே எத்திலினை உணராத ஈஐஎன்2 திடீர்மாற்றச் செடியை ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசை விதையுங்கள். அதிலும் மாற்றம் தெரிந்தால் அது எத்திலினின் வேலை அல்ல.

தட்டின் விளிம்பைப் பாராஃபிலிமால் இறுக்கி மூடாதீர்கள். நாற்றுகள் தாமே வெளியிடும் எத்திலின் உள்ளே தேங்கி, ஏசிசி இல்லாத தட்டும் ஏசிசி உள்ள தட்டைப்போல மாறிவிடும். காற்றுப் புகும் மைக்ரோபோர் டேப் போதும். ஊடகத்தில் சர்க்கரை சேர்ப்பதானால் எல்லாத் தட்டுகளிலும் ஒரே அளவு சேருங்கள், அல்லது அறவே விடுங்கள். தண்டின் நீளம் அதற்கும் மாறும்.

முளைக்குருத்து எழுதியது:

பச்சை விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பாதுகாப்பானது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டாலும் ஃபைட்டோகுரோம் பச்சை ஒளியையும் ஓரளவு ஈர்க்கும். நாள்தோறும் அதைக் காட்டினால் உங்கள் ‘இருட்டு’ நாற்றுகளில் பிஃப்3 சிறிதளவேனும் சிதையும், நீங்கள் அளக்க விரும்புவதே மாறிவிடும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனித் தட்டு வைத்து, அளந்ததை ஒதுக்கிவிடுங்கள். துறையில் கேமரா இருந்தால் இன்னும் நல்லது: அகச்சிவப்பு வடிகட்டி அகற்றப்பட்ட கேமராவும் 940 நானோமீட்டர் எல்இடியும் இருந்தால், தட்டைத் தொடாமலே மணிக்கொரு படம் எடுக்கலாம். ஏசிசி கொடுத்த தட்டில் கொக்கி எந்த மணியில் இறுகுகிறது, தண்டு எந்த மணியில் வேகம் குறைகிறது என்பதைத் தனித்தனியே குறித்து வாருங்கள். படங்கள் கிடைத்ததும் இங்கேயே பதிவேற்றுங்கள், சேர்ந்து அளப்போம்.